நீக்கிலாஸும் சூ என்ற சொல்லும்

நீக்கிலாஸைப் போலப் பயந்த மனிசனை நான் ஸ்காபரோவில் கண்டதில்லை. லிப்டில் தனியே ஏறமாட்டான். 401 பெருந்தெருவில் மழை பெய்தால் வலது கரையை விட்டு அசையமாட்டான். யாராவது வீட்டு பெல்லை அடித்தால் முதலில் ரீவியை நிற்பாட்டிப்போட்டு மூச்சடக்கி இருப்பான். அப்படிப்பட்டவன்தான் வடக்கே காட்டுக்குள் போய் முசலும் கயோட்டி என்கிற காட்டு நாயும் சுடுகிறவன். சொன்னால் சனம் சிரிக்கும். நானும் சிரித்தவன்தான்.

ஆள் பாசையூரான். ரெக்ஸ்டேலில் கோழி வெட்டுகிற பக்டரியில் கனகாலமாக வேலை. அங்கே கூட வேலை செய்த றொபேட் என்ற வெள்ளைக்காரன்தான் இவனை முதன்முதல் காட்டுக்குக் கூட்டிப்போனவன். துவக்கு லைசென்ஸ் எடுக்கிறதுக்குச் சோதனை எழுத வைத்ததும் அவன்தான். அன்றைக்கு இவன் கையிலிருந்து பேனை இரண்டு தரம் விழுந்ததாம்.

பயந்தவன் என்றபடியால் இவனுக்கு ஒரு பழக்கம். வேட்டைக்கு முதல் இரண்டு மூன்று தடவை போய்க் காட்டைப் பார்த்துவிட்டு வருவான். அன்றைக்குத் துவக்கு கொண்டுபோகமாட்டான். "துவக்கு கையிலை இருந்தால் கண் மிருகத்தைத் தேடும், நிலத்தைப் பாக்காது" என்பான். நிலத்தைத்தான் பார்ப்பான். சின்னக் கிளைகளைக் கத்தியால் சரித்து வெட்டினமாதிரி கடித்திருந்தால் அது முசல். பாதை நடுவில் மயிர் கலந்த எச்சம் கிடந்தால் அது கயோட்டி. கயோட்டி எங்கள் ரவுணுக்குள்ளும் திரியும், பூனையைத் தூக்கும். ஆனால் வடக்கே நிற்கிறது ஓநாய் கலந்த சாதி. உடம்பும் பெரிசு, துணிவும் பெரிசு.

அவனுடைய நாய் கறுவா. பீகிள் இனம், கறுவாப்பட்டை நிறம், முழங்காலுக்குக் கீழே நிற்கும். பிள்ளை இல்லாத வீடு. அவன் மனிசி அன்ரனெற் முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்து, கறுவாவுக்குச் சோறு பிசைந்து வைத்த பிறகுதான் தான் சாப்பிடுவா. நாயைக் காட்டுக்குக் கொண்டுபோகிற ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று, "நாயில்லாமல் வந்தால் கதவு திறக்கமாட்டன், சொல்லிப்போட்டன்" என்று சொல்லி அனுப்புவா. பகிடியாகத்தான் சொல்லுகிறா என்று நான் நினைத்திருந்தேன்.

கறுவாவுக்கு இங்கிலிஸ் தெரியாது. அதுக்குத் தெரிந்தது இரண்டு சொல். "உஞ்சு உஞ்சு" என்றால் என்ன வேலையாக இருந்தாலும் விட்டுப்போட்டு ஓடிவரும். "சூ" என்றால் போய்ப் பிடி என்று அர்த்தம். சூ என்று விட்டால் அது பற்றைக்குள் பூந்து, முசலைக் கிளப்பி, நீட்டி நீட்டிக் குரைத்துக்கொண்டு துரத்தும். காடு பார்க்கிற நாளில் நீக்கிலாஸ் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவேமாட்டான்.

போன ஐப்பசியில் பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு புதுக் காடு பார்க்கப் போனோம். நீக்கிலாஸ், நான், அழகேசன், கூடக் கறுவாவும். அழகேசன் பிக்கரிங்கில் எனக்குப் பக்கத்து வீடு. மதுரைப் பக்கத்துப் பொடியன், கொம்பியூட்டர் வேலை. காடு பார்க்கவேண்டும் என்று கன நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காரால் இறங்கின உடனே நீக்கிலாஸ் அவன் காலைப் பார்த்தான். "தம்பி, என்ன, கலியாண வீட்டுக்கோ வெளிக்கிட்டனி?"

"ஹைக்கிங் ஷூ அண்ணே. வாட்டர்ப்ரூஃப். தண்ணி உள்ள வராது."

"வந்த தண்ணி வெளியிலையும் போகாது. கவனம்."

காலையில் எல்லாம் நல்லாகத்தான் போனது. முசல் கடித்த கிளைகள் கண்டோம். உள்ளே போகப் போகக் கயோட்டி எச்சம் கூடிக்கொண்டு வந்தது. ஒரு சேற்றில் மூன்று அளவில் கயோட்டிக் காலடித் தடம் இருந்தது. நீக்கிலாஸ் குந்தியிருந்து தன் உள்ளங்கையை அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எழும்பி நாயின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தான். அதிலிருந்து அவன் அடிக்கடி பின்னுக்குத் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

மத்தியானம் ஒரு பாறையில் இருந்து சாப்பிட்டோம். நீக்கிலாஸ் கயிற்றைக் கழற்றி நாய்க்குத் தண்ணி வைத்துவிட்டு, ஒதுங்குகிறதுக்காக மரத்துக்குப் பின்னால் போனான். கறுவா நேரே அழகேசனிடம் போய் அவன் சப்பாத்திச் சுருளில் மூக்கை வைத்தது. பொடியன் கையை உயர்த்தி, தங்கள் வீட்டில் நாயைத் துரத்துகிறமாதிரியே துரத்தினான்.

"ச்சூ! ச்சூ! அங்கிட்டுப் போ!"

எனக்கு வாயில் பாண் இருந்தது. நான் விழுங்க முதல் நாய் போய்விட்டது. அம்புமாதிரி, சதுப்புப் பக்கமாக.

அழகேசன் சிரித்தான். "பாத்தீங்களா, என்னா மரியாதை! ஒரு தடவை சொன்னதும் போயிருச்சு."

நீக்கிலாஸ் பெல்ட்டைப் பூட்டாமல் ஓடிவந்தான். "ஆரடா சூ சொன்னது?"

"நான்தான் அண்ணே. போகச் சொன்னேன்."

"போகச் சொல்லேல்லை. பிடிக்கச் சொல்லியிருக்கிறாய்!"

அப்போதுதான் பொடியனுக்கு விளங்கியது.

"உஞ்சு! உஞ்சு!" என்று நீக்கிலாஸ் கத்தினான். காற்று எங்கள் முகத்துக்கு அடித்தது. சத்தம் எங்களிடமே நின்றுவிட்டது. தூரத்தில் கறுவா நீட்டிக் குரைக்கிறது கேட்டது. முசல் மணத்தைப் பிடித்துவிட்டது. நாயின் கழுத்துப்பட்டியில் ஜிபிஎஸ் இருந்தது. எங்கே போகிறது என்று நீக்கிலாஸின் கையில் இருந்த சின்னக் கருவியில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே சதுப்புக்குள் இறங்கினோம்.

சீடர் என்கிற மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றன. பட்டப்பகலிலும் உள்ளே பொழுதுபட்ட மைம்மல் நேரம்மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் சேறு காலை இழுத்துப் பிடித்தது. பத்து அடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. பிறகு குரைப்பு மாறியது. நீட்டி வந்த சத்தம் கட்டையாகி, அடுக்கடுக்காக வந்தது.

"முசலுக்கு இப்பிடிக் குரைக்காது" என்றான் நீக்கிலாஸ்.

கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. கருவி ஒரு முறை கிணுங்கியது. நாய் அசையவில்லை என்று காட்டியது.

அந்த அமைதியில் எங்களுக்கு இடது பக்கத்தில் ஒன்று ஊளையிட்டது. ஊளை முடிய முதல் முன்னுக்கிருந்து இன்னொன்று பதில் சொன்னது. திரும்பிப் போவோம் என்று சொல்ல வாய் வந்தது. நீக்கிலாஸின் உதடு அசைந்துகொண்டிருந்தது. செபம் சொல்கிறானாக்கும் என்று கிட்டப் போனால், "கதவு திறக்கமாட்டாள், கதவு திறக்கமாட்டாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மரங்கள் விலகி ஒரு வெளி வந்தது. முழங்கால் தண்ணி. நடுவில் விழுந்து கிடந்த ஒரு மரம். அதில் முதுகை ஒட்டிக்கொண்டு கறுவா நின்றது. பின்னந்தொடையில் இரத்தம். அதுக்கு முன்னால் இரண்டு கயோட்டி. ஒன்று குட்டிநாய் விளையாடக் கூப்பிடுகிறமாதிரி முன்னங்காலை மடிக்கிறதும் பின்னுக்குத் துள்ளுகிறதுமாக நின்றது. மற்றது பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாவது கயோட்டி ஒன்று அந்த மரத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அழகேசன் கூப்பிட வாயைத் திறந்தான். நீக்கிலாஸ் அவன் வாயைப் பொத்தினான்.

"கூப்பிடாதை. உஞ்சு எண்டால் அது திரும்பி ஓடிவரும். முதுகைக் காட்டினால் முடிஞ்சுது."

"அப்ப கத்தி வெரட்டலாம்ணே" என்று பொடியன் விரலுக்குள்ளால் சொன்னான்.

"என்ரை சத்தம் கேட்டால் பிடி எண்டுதான் கறுவா நினைக்கும். பாய்ஞ்சுபோடும்."

அவனிடம் இருந்தது இரண்டு சொல். இரண்டும் நாயைக் கொல்லும். துவக்கு வீட்டில்.

நீக்கிலாஸ் ஜக்கெற்றைக் கழற்றி இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தான். "நீங்களும் பிடியுங்கோ. பெரிசாத் தெரியவேணும். ஒருத்தனும் வாய் திறக்கக் கூடாது. ஓடக் கூடாது." சொல்லிப்போட்டுத் தண்ணிக்குள் கால் வைத்தான்.

நாங்கள் அவனுக்கு இரண்டு பக்கமும் நடந்தோம். குளிர் எலும்புவரை ஏறியது. பேசாமல் நின்ற கயோட்டி மெல்லத் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. ஓடவில்லை. மஞ்சள் கண், அதில் ஒரு கலக்கமும் இல்லை. அழகேசன் அழுதுகொண்டு நடந்தான், சத்தம் வராமல்.

கறுவா எங்களைக் கண்டது. வால் ஒரு முறை ஆடியது. முன்னங்கால் எங்கள் பக்கம் எழும்பியது. அந்த நொடியில் துள்ளிக்கொண்டு நின்ற கயோட்டி துள்ளலை விட்டுப்போட்டுப் பதுங்கியது. நீக்கிலாஸ் ஜக்கெற்றை எறிந்துபோட்டு முன்னுக்கு விழுந்தான். முழு உடம்பும் தண்ணிக்குள். எழும்பும்போது நாய் அவன் நெஞ்சில் இருந்தது.

அதுக்குப் பிறகுதான் அவன் கத்தினான். தூசண வசை, மாதா பெயர், அன்ரனெற்றின் பெயர், எல்லாம் ஒன்றாக வந்தது. நாங்களும் கத்தினோம். கயோட்டிகள் ஓடித் தப்பவில்லை. நாலு மரம் தள்ளிப்போய் நின்றன. நாங்கள் நடக்க அதுகளும் நடந்தன. நாங்கள் நிற்க அதுகளும் நின்றன. கார் நின்ற மண்பாதை வரைக்கும் மரங்களுக்கு இடையால் ஒரு சாம்பல் நிறம் எங்களோடு கூடவே வந்தது. நீக்கிலாஸ் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காட்டுக்கு முகம் காட்டியபடி பின்னுக்குப் பின்னுக்கு நடந்தான். விழுந்துபோகாமல் அழகேசன் அவன் பெல்ட்டைப் பிடித்து வழி காட்டினான்.

காரை நான்தான் ஓட்டினேன். விட்பியில் திறந்திருந்த ஒரு நாய் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வைத்தோம். ஹீற்றரை முழுக்கத் திறந்துவிட்டும் நீக்கிலாஸின் பல் அடித்துக்கொண்டேயிருந்தது. கறுவா மடியில். தொடைக் காயத்தில் அழகேசனின் சேர்ட் சுற்றியிருந்தது. அது மூச்சு விடுகிறதா என்று நீக்கிலாஸ் ஒவ்வொரு வளைவிலும் கையை வைத்துப் பார்த்தான்.

"அண்ணே, என்னை ரெண்டு அடி அடிச்சிருங்க" என்றான் அழகேசன் பின் சீற்றிலிருந்து.

"கை வேலையா இருக்குது" என்றான் நீக்கிலாஸ்.

அடுத்த வேட்டைக்குப் போனில் அந்த இடத்தைக் குறித்து வைக்கிறதோ விடுகிறதோ என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான்.

"குறி" என்றான். "கறுவாவைக் கூட்டி வராத இடம் எண்டு குறி."