அரைப்பேருக்கு லைசன்ஸ் கிடையாது

1. முழங்காலில் வைத்துப் போட்ட கையெழுத்து

கொட்டகலையில் ஒரு புது வீட்டின் முன்னால் மழையில் நனைந்துகொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்த வீட்டு வயரிங் முழுக்க நானும் அண்ணன் மகேந்திரனும் செய்தது. பைப் ஓட்டி, வயர் இழுத்து, ட்ரிப் சுவிட்ச் பூட்டி, எர்த் ராட் அடித்து முடித்தும் வீடு இருட்டாகவே கிடந்தது. லைசன்ஸ் உள்ள ஒருவர் சோதித்து டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டால்தான் மீட்டர் வரும். எங்கள் இரண்டு பேரிடமும் லைசன்ஸ் இல்லை.

கினிகத்தேனையிலிருந்து அந்த ஒருவர் த்ரீவீலரில் வந்தார். எங்கள் வேலைகளுக்கெல்லாம் அவர்தான் கையெழுத்து. கான்ட்ராக்டர் ஐயா என்போம். மழை என்பதால் இறங்கவில்லை. திரையை மட்டும் விலக்கினார்.

"எர்த் அடிச்சாச்சா?"

"அடிச்சாச்சுங்க. மெகர் மீட்டர் வச்சு நீங்களும் ஒருக்கா பாத்துட்டீங்கன்னா..." என்றான் அண்ணன்.

"ஒன் கைய நான் நம்பாம வேற யாரு நம்புறது?"

முழங்காலில் தாளை வைத்துக் கையெழுத்திட்டு, சீல் குத்தினார். வீட்டுக்கார அக்கா அவருக்குத்தான் முதல் பிளேன்டிக் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். "ஐயா புண்ணியத்துல இனி வெளிச்சம் வந்துரும்."

அண்ணன் டூல் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு என் காதருகில் சொன்னான்: "நாம அடிச்ச ராட் மண்ணுக்குள்ள போயிருச்சு. அவரு குத்துன சீல்தான் மேல தெரியுது."

அந்த நிமிடமே தீர்மானித்தேன். அடுத்த வீட்டு ரிப்போர்ட்டில் எங்கள் பேர் இருக்க வேண்டும்.

2. மூன்று வழி

நான் ஏ.எல். முடித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் கோர்ஸும் செய்தவள். எதையும் கட்டம் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். காம்பராச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். முதல் வழி, கான்ட்ராக்டர் ஐயாவின் பதிவுக்குக் கீழேயே காலம் தள்ளுவது. இரண்டாவது, எங்கள் தொழிலையே கம்பனியாகப் பதிந்து, ஒப்பந்தக்காரர் தரச் சான்று எடுப்பது. மூன்றாவது, ஆளுக்கொரு தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்து, அதை வைத்துத் தனித்தனி லைசன்ஸ் வாங்குவது.

எனக்கு இரண்டாவதில்தான் ஆசை. கம்பனிப் பேரில் சான்று இருந்தால் பெரிய டெண்டருக்கும் போகலாம். பேர்ப்பலகைகூட எழுதிவிட்டேன். ஆனால் பதிவுக்குத் தொழில் நடக்கும் இடம் வேண்டும். அது சொந்த இடம் அல்லது குத்தகை இடம் என்று காட்ட வேண்டும். நாங்கள் குடியிருக்கும் லய வரிசை வீடு எங்களுடையதல்ல, தேயிலைத் தோட்டத்துடையது. நான் பிறந்த காம்பராவை என் முகவரி என்று எழுதலாம். என் இடம் என்று எழுத முடியாது. பலகை இப்போது கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

கான்ட்ராக்டர் ஐயாவுக்கு எப்படியோ சேதி போய்விட்டது. எனக்குப் போன் எடுத்தார். "எதுக்கு தங்கச்சி இந்தக் கஷ்டமெல்லாம்? எம்பேர்லயே ஓடுங்க. நான் என்ன, வேணாம்னா சொன்னேன்?"

"அவரு சொல்றதுல என்ன தப்பு?" என்றான் அண்ணன். "எனக்கு வேலதான் வேணும். பேர வச்சு என்ன பண்றது?"

"நாளைக்கு அவரு வேற ஆளுக்குக் கையெழுத்துப் போடப் போயிட்டா, நீ யாரு?"

அவன் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, மூணாவதுலயே என்னையும் ஒட்டு" என்றான்.

3. பாதிப் பேர்

என் கோர்ஸ் சான்றிதழ் எனக்குப் போதும். அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். கொழும்பில் கட்டட வேலைக்குப் போய் வயரிங் பழகியவன். அதன்பின் எங்கள் தோட்டத்திலேயே பல வருடம் வயரிங் வேலை. அப்படிப்பட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. செய்த வேலையை நிரூபித்து, நேர்முகத்தில் பதில் சொல்லி, செய்முறையிலும் தேறினால் அதே சான்றிதழ் கிடைக்கும்.

நேர்முகத்துக்கு வந்தவர் கொழும்புக்காரர், சிங்களம் மட்டும் பேசுபவர். அண்ணனுக்குச் சிங்களம் வரும். என்னைப் பின்னால் உட்கார விட்டார்கள், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ட்ரிப் சுவிட்ச் ஏன் விழுகிறது, எர்த் ரெசிஸ்டன்ஸ் எப்படிப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் அண்ணன் சரசரவென்று பதில் சொன்னான். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது: தோட்டத்து ஃபேக்டரியில் எவ்வளவு காலம் வயரிங் செய்தீர்கள்?

எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் சொல்வோம். நாள் முழுக்க உழைத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். அண்ணன் அதை அப்படியே சிங்களமாக்கினான். பேருக்குச் சிங்களத்தில் 'நம' என்றுதானே சொல்ல வேண்டும்? நிறைய 'நம'வில் வேலை செய்தேன், மழை நாளில் மட்டும் பாதி 'நம' என்றான்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பல பேரில் வேலை செய்தீர்களா?"

"ஓம் சேர்."

"பாதிப் பேரிலும்?"

"மழைன்னா அப்படித்தான் சேர்."

"மற்றப் பாதி யாருடைய பேர்?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். கள்ளப் பேரில் வேலை செய்தவன் என்று அவர் நினைக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிபந்தனையை மறந்து எழுந்து விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சிரித்து முடித்ததும் சொன்னார்: அப்படியானால் அந்த நாட்களில் செய்தது வயரிங்தான் என்று தோட்டம் எழுதித் தரட்டும்.

4. சில்லறை வேலை

தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா எங்களை உட்காரச் சொன்னார். அவர் தலைக்கு மேல் எரிந்த லைட் அண்ணன் பூட்டியது.

"ஒங்கண்ணன் வேல எனக்குத் தெரியாதாம்மா? இந்த லைட்டே அவன் போட்டதுதான். ஆனா செக்ரோல் புத்தகத்துல அவனுக்கு 'சில்லறை வேலை'ன்னுதான் பேர் விழுந்திருக்கு. தண்ணிக் காண் வெட்டுனவனுக்கும் அதான், வயர் இழுத்தவனுக்கும் அதான்."

"வயரிங்னு ஏங்க எழுதல?"

"வயரிங்னு எழுதினா வயரிங் சம்பளம் குடுக்கணும்ல?" சொல்லிவிட்டு வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இப்ப எழுதிக் குடுத்தேன்னா மேனேஜர் தொர என்னத்தான் கேப்பாரு."

வெளியே வந்ததும் அண்ணன் சிரித்தான். "அங்க போனா கள்ளப்பேரு. இங்க வந்தா சில்லறப்பேரு. நான் மறுபடியும் கொழும்புக்கே போறேன் பாப்பா. அங்க யாரும் பேரே கேக்கமாட்டாங்க."

அவன் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிரவே துணிப் பையை எடுத்து உதறி வாசலில் வைத்தான்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காலைப் பெரட்டில் உங்களை வேலைக்குப் பிரிக்கும்போது, பேர் விழுந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். பேருக்குப் பக்கத்தில் என்ன வேலை என்று எழுதுகிறார்கள், அதையும் கேளுங்கள். பிறகு கேட்டால் லைட் எரியும், எழுத்து இருக்காது.

5. இனி

சார்ட்டைக் கிழித்துவிட்டேன். கான்ட்ராக்டர் ஐயாவிடம் கடிதம் கேட்க முடியாது, ரிப்போர்ட்டுகளின்படி அத்தனை வேலையும் அவரே செய்தது. என் லைசன்ஸுக்கு நான் தனியாக விண்ணப்பிக்கப் போகிறேன். கிடைத்தால், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் ஆள் நான். எனக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு அனுபவக் கடிதம் கொடுக்கும் ஆளும் நானே. என் கையில் முதல் பல்ப் ஹோல்டரைக் கொடுத்தவனுக்கு வயரிங் தெரியும் என்று நான் எழுதித் தர வேண்டும். இதைவிடக் கசப்பான வேலை எனக்கு இதுவரை வந்ததில்லை.

கூடப்பிறந்தவள் கொடுக்கும் கடிதம் செல்லுமா? தெரியாது. இரண்டு பேருக்கும் அப்பா பேர் ஒன்றுதான், மறைக்கவும் முடியாது. திங்கட்கிழமை ஹட்டனிலுள்ள தொழிற்பயிற்சி ஆபீசுக்குப் போய் முதலில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.

அண்ணனிடம் சொன்னேன். பையை மூடாமலே கேட்டான்:

"அப்ப எனக்கு முழுப்பேர் போடுவியா, அரைப்பேரா?"

"மழ பெஞ்சாலும் முழுப்பேர்தான்" என்றேன். "பக்கத்துலயே வயரிங்னும் எழுதுவேன்."

திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். பை இன்னும் வாசலில்தான் இருக்கிறது.