உருளையக்காவின் பயம்

உருளையக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. பல்லி விழுந்தால் ஊரைக் கூட்டுவாள். லிஃப்டில் ஏறமாட்டாள், நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பாள். கணவர் இரண்டு முறை தும்மினால் போதும், "என்னங்க ஆச்சு?" என்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவாள். அப்பேர்ப்பட்டவள் தன் மேனேஜர் மீதே புகார் கொடுத்துவிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? அவளாலேயே நம்ப முடியவில்லை.

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் ஆலையில் அவளுக்கு வேலை. கல்யாணமான புதிதில் சேர்ந்தவள். ஈரத்துணி பிரிக்கும் மேசையில் ஆரம்பித்து, உருளை இயந்திரத்துக்கு வந்து சேர்ந்தாள். கொதிக்கக் கொதிக்கச் சுழலும் நீளமான உருளை அது. ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். விரிப்பை மட்டுமா இழுக்கும், விரலையும் இழுக்கும். ஒருவருடையதை இழுத்தது. அன்றிலிருந்து அவருக்கு அரைவிரல் அண்ணன் என்று பெயர்.

அந்த ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தவள், தெளிந்து எழுந்ததும் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். சுவிட்சைத் தொடும் முன் "கை!" என்று கத்துவாள். சுற்றி நிற்கும் அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். ஒவ்வொரு கையாகப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டு, "சரி" என்பாள். அதற்குப் பிறகுதான் இறக்கலாம். முதலில் ஆண்கள் "போலீஸ் வந்துட்டாங்கடோய்!" என்று கிண்டலடித்தார்கள். போகப் போகப் பழகிவிட்டது. வயதில் மூத்தவர்களுக்குக்கூட அவள் உருளையக்காதான்.

பழைய சூப்பர்வைசர் உடம்புக்கு முடியாமல் படுத்தபோது அவர் வேலையையும் இவள்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் தனக்குத்தான் என்று இருந்தாள். கிடைத்ததோ, அவளிடமே வேலை கற்றுக்கொண்ட ஒரு தம்பிக்கு. எல்லோர் முன்னாலும் மேனேஜர் காரணம் சொன்னார்.

"பொம்பளை சொன்னா ஆம்பளைங்க கேப்பாங்களாம்மா? என் வீட்லயே நடக்கறதில்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். பாவி மகள், அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவளைத் தூங்கவிடவில்லை. மறுநாளே தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டாள்.

கொடுத்தாளே ஒழிய, அப்புறம் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மேனேஜர் வேறு கூப்பிட்டு, "ஆம்பளைங்க உன் பேச்சக் கேட்டாங்கன்னு ஒருத்தனாவது சொல்லணும். இல்லன்னா பொய்ப் புகார்னு ஆயிடும். இருக்கற வேலையும் போயிடும், பாத்துக்க" என்று சொல்லியிருந்தார். கணவருக்கு முதுகு அடிபட்டு அவர் வீட்டோடு இருந்தார். அவள் வேலை போனால் குடும்பமே நடுத்தெருவில்தான்.

"வாபஸ் வாங்கிடவாங்க?" என்றாள் அவரிடம்.

"உன் இஷ்டம். எதுவா இருந்தாலும் சாப்பிட்டுட்டுப் பயப்படு."

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வரும் நாளும் வந்தது. நேராக ஆலைக்குள்ளேயே வந்துவிட்டார் அந்த அம்மா. பக்கத்திலேயே மேனேஜர். உருளையை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டார் அதிகாரி. "இந்தம்மாவோட பேச்சக் கேட்டு நீங்க வேலை செஞ்சிருக்கீங்களா?" ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருவர் மேனேஜரைப் பார்த்தார். தம்பி, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்று முணுமுணுத்தான். அரைவிரல் அண்ணன்கூட, "வேலை அதிகம் மேடம், கவனிக்கல" என்றார். எல்லாம் போயிற்று, இனி வீட்டுக்குப் போய் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தாள் உருளையக்கா.

"சரி, நீங்க வேலையப் பாருங்க. நான் கொஞ்சம் நின்னு பாத்துட்டுப் போறேன்" என்றார் அதிகாரி.

மேனேஜர் தம்பியைப் பார்த்து, ஆரம்பி என்று தலையை ஆட்டினார். அவர் பார்க்கிறாரே என்ற பதற்றத்தில் தம்பிக்கு எல்லாமே மறந்துபோனது. குரல் கொடுக்கவில்லை, யார் கையையும் பார்க்கவில்லை, நேரே சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனான். அந்தப் பக்கம் அரைவிரல் அண்ணன் சிக்கிய விரிப்பை உருவிக்கொண்டிருந்தார். கை உருளையின் அடியில் இருந்தது.

"கை!"

கத்தியது தான்தான் என்பதே அவளுக்குத் தெரியாது. தம்பியின் கை சுவிட்சிலிருந்து தெறித்து மேலே போனது. அரைவிரல் அண்ணனின் கைகள், துணி அடுக்குபவர்களின் கைகள், வண்டி தள்ளுபவரின் கைகள் என்று எல்லாம் மேலே. அவள் கண் வழக்கம்போல ஓடியது. இரண்டு கைகள் குறைந்தன. உருளையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு யாரோ நின்றார்கள். யார் என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள்.

"அங்க யாரு? கைன்னு சொன்னா காது கேக்கல? தூக்குங்க!"

இரண்டு கைகளும் மேலே போயின. அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். மேனேஜர்.

ஐயோ, தொலைந்தேன் என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேனேஜர் சட்டென்று கையை இறக்கி, சட்டைப் பையைத் தடவினார். மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். அதிகாரி சுற்றிப் பார்த்தார்.

"அதான் ஆபத்து இல்லன்னு ஆயிடுச்சே. இன்னும் ஏன் மத்த யாரும் கைய இறக்கல?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான், கையை மட்டும் இறக்கவில்லை. கடைசியில் அரைவிரல் அண்ணன்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அக்கா இன்னும் சரின்னு சொல்லலையே, மேடம்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். உருளையக்கா பேச முயன்றாள், குரல் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். அவள் சொல்லும்வரை அத்தனை ஆண்களும் கையைத் தூக்கியபடியே காத்திருந்தார்கள்.