பத்து வெள்ளி வெட்டு

அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பார். தொண்ணூறுகளில் பாயா ரும்புட் பக்கம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், அன்று மட்டும் வேலை முடிந்து வந்த ஆண்கள் குளிக்காமல் நேரே சாலையோர ஒட்டுக்கடைக்குப் போவார்கள். அங்கே தொலைக்காட்சி இருந்தது. அமைச்சர் இரண்டு மணி நேரம் பேசுவார். கடையில் இருந்தவர்களுக்கு வேண்டிய செய்திகள் இரண்டு: சிகரெட் எவ்வளவு ஏறுகிறது, பீர் எவ்வளவு ஏறுகிறது. அமைச்சர் அவற்றைப் பேச்சின் பின்பகுதியில்தான் வைத்திருப்பார். ஒரு வருடம் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தோம். சிகரெட் விலை வந்து முடிந்தபோது நானும் கடைக்காரரும் மட்டும் இருந்தோம். அவரும் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். முடிவுரையை நான் தனியாகக் கேட்டேன்.

"பட்ஜெட் முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். முடியவில்லை என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வாசித்தது வெறும் மசோதா. அதன் பிறகு உறுப்பினர்கள் நாள்கணக்கில் அதன் கொள்கையைப் பற்றிப் பேச வேண்டும், அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டும். பிறகு அவை முழுவதும் ஒரு குழுவாக மாறி, அமைச்சு அமைச்சாக, தலைப்புத் தலைப்பாக எடுத்துப் பார்க்க வேண்டும். கடைசியில் மூன்றாம் வாசிப்பு. அதற்குள் டிசம்பர் வந்துவிடும். முப்பத்தோரு வருடம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்கு இது இயல்பாகத்தான் பட்டது. செலவு செய்யும் முன் ஒருவர் கேள்வி கேட்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு சிகரெட் போதுமாயிருந்தது.

எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்திய மன்றத்தின் தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் ஒருவர்தான் நான் சொன்னதை முழுவதும் கேட்டவர். கேட்டதோடு நிற்காமல், ஒரு நவம்பரில் கோலாலம்பூருக்குப் போய் நாடாளுமன்றத்தைப் பார்த்து வர ஏற்பாடு செய்துவிட்டார். ஒரு வேனில் பன்னிரண்டு பேர் புறப்பட்டோம். நான் மாற்று டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. ஆயர் குரோ டோல் சாவடியைத் தாண்டுவதற்குள் இருவர் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றார்கள்.

நாடாளுமன்ற வாசலில் காவலர் எங்களில் ஒருவரை நிறுத்தினார். அவர் லோரி ஓட்டுகிறவர், மன்றத்தில் எல்லோருக்கும் வேண்டியவர். காலில் சிலிப்பர் போட்டிருந்தார்; உள்ளே போகச் சப்பாத்து வேண்டும்.

"புது சிலிப்பர்லா, நேத்துதான் வாங்குனேன்" என்று காவலரிடம் தமிழில் விளக்கினார். காவலருக்குத் தமிழ் தெரியாது. கடைசியில் வேன் ஓட்டி வந்தவரின் சப்பாத்தைக் கழற்றி வாங்கி மாட்டிக்கொண்டார். அது இரண்டு அளவு சிறியது.

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தோம். பாதிக்கு மேல் நாற்காலிகள் காலியாக இருந்தன. நான் எண்ணத் தொடங்கினேன். ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்ததால் கணக்கு நிற்கவில்லை.

"என்னா கிராணி ஐயா, எல்லாரும் ஒடம்பு சரியில்லன்னு எம்சியா?" என்று லோரிக்காரர் காதருகே கேட்டார்.

அன்று குழு நிலை விவாதம். தலைப்பின் எண் வாசிக்கப்பட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, அமைச்சரின் சம்பளத்தில் பத்து ரிங்கிட்டை, எங்கள் பேச்சில் பத்து வெள்ளியை, குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். நான் மெதுவாக மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"பத்து வெள்ளியா? அவரு வர்ற காடிய கழுவவே பத்து வெள்ளி ஆவும்லா."

"காசுக்காக இல்லப்பா. சம்பளத்துல கை வெச்சாத்தான் அந்த அமைச்சரப் பிடிச்சு வெச்சு ஒரு விஷயத்தப் பேச முடியும்."

அந்த விஷயம் ஒரு பாலம். எங்கோ ஓர் ஊரில் தூண் நட்டதோடு நின்றுவிட்டதாம். உறுப்பினர் பாலத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார்.

"பாலத்துக்குக் காசு கூட்டிக் குடுங்கன்னு நேரா கேக்கலாம்ல?"

"முடியாது. செலவக் கூட்டச் சொல்ற உரிமை அரசாங்கத்துக்கு மட்டுந்தான். மத்தவங்க குறைக்கத்தான் சொல்லலாம்."

அவர் சிறிய சப்பாத்திலிருந்து குதிகாலை வெளியே எடுத்துக்கொண்டார். "அப்ப வேணும்னா, வேணாம்னு சொல்லணும்."

"ஏறக்குறைய அப்படித்தான்."

அமைச்சர் கோபப்படவில்லை. பின்னாலிருந்த அதிகாரிகள் துண்டுக் காகிதங்களை நீட்ட, ஒவ்வொரு தூணுக்கும் பதில் சொன்னார். வாக்கெடுப்பு குரல் வாக்கெடுப்பாக நடந்தது. ஆளும் தரப்பின் குரல் பெரிது. தீர்மானம் தோற்றது. கொண்டுவந்தவரும் சிரித்தபடி உட்கார்ந்தார். தோற்கும் என்று தெரிந்துதான் கொண்டுவந்திருந்தார். பத்து ரிங்கிட்டுக்கு அவ்வளவு பதில் கிடைத்தது.

திரும்பும்போது வீட்டைத் தாண்டி உம்பாய்க் கடற்கரைக்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிட்டோம். அந்தச் செலவு மன்றத்தின் 'பல்வகைச் செலவு' கணக்கில் சேர்ந்தது. அது சரியல்ல என்று நான் சொன்னேன். உள்கணக்காய்வாளர் என்பதால் சொல்லும் கடமை எனக்கு இருந்தது. பிறகு நானும் சாப்பிட்டேன்.

மீன் மேசையில்தான் தலைமையாசிரியர் அறிவித்தார். நம்முடைய வருடாந்தரப் பட்ஜெட்டும் இனி இந்த முறையில்தான் நடக்கும். உரை, கொள்கை விவாதம், தலைப்புவாரியாகக் குழு நிலை, ஒரு வாரம் கழித்து மூன்றாம் வாசிப்பு. பட்ஜெட்டில் இல்லாத செலவைக் கூட்டச் சொல்ல உறுப்பினர் யாருக்கும் உரிமை இல்லை. தீர்மானம் இல்லாமல் யாரும் பேசக் கூடாது. அதுவரை எங்கள் கூட்டங்களில் எல்லோரும் எல்லாவற்றையும் பற்றிப் பேசி, ஒலிபெருக்கியை யார் இரவல் வாங்கிப் போனது என்பதில் முடிவது வழக்கம். ஆகவே யாரும் மறுக்கவில்லை.

மன்றம் சம்பளம் கொடுத்தது ஒரே ஒருவருக்கு. மன்றத்தின் மண்டபத்தில் நடந்த எங்கள் பாலர் பள்ளியின் ஆசிரியைக்கு. மாதம் இருநூற்றைம்பது வெள்ளி. இருபத்தாறு பிள்ளைகள். தோட்டத்தில் வளர்ந்த பெண், இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தவர். ஐம்பது வெள்ளி கூட்டித் தரும்படி அந்த வருடம் கேட்டிருந்தார். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் பேக்டரி ஒன்றில் அவருக்கு வேலை உறுதியாகியிருந்தது. அங்கே சம்பளம் கூட, போக வரப் பஸ், மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனாலும் பிள்ளைகளை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. அவர் போய்விட்டால் ஜனவரியில் பள்ளி திறக்க வேறு ஆளில்லை. லோரிக்காரரின் கடைசி மகள் அந்த இருபத்தாறு பேரில் ஒருத்தி.

டிசம்பர் கூட்டத்துக்கு முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். தலைமையாசிரியர் நின்றபடி பட்ஜெட் உரை வாசித்து, நடுவில் ஐந்து தடவை தண்ணீர் குடித்தார். ஆசிரியையின் சம்பளம் பழைய இருநூற்றைம்பதாகவே இருந்தது. கேட்ட ஐம்பதைப் பற்றி உரையில் ஒரு வார்த்தை இல்லை.

குழு நிலை வந்தது. 'தலைப்பு நான்கு, பாலர் பள்ளி' என்றதும் லோரிக்காரர் எழுந்தார்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, டீச்சர் சம்பளத்துல பத்து வெள்ளி வெட்டணும்னு தீர்மானம் கொண்டு வர்றேன்."

கோலாலம்பூருக்கு வந்தவர்கள் மட்டும் தலையாட்டினார்கள்.

பிறகு அவர் பேசினார். அவ்வளவு நன்றாக அவர் பேசி நான் கேட்டதில்லை. வாய் திறக்காத தன் மகள் இப்போது வீட்டுக்கு வரும் கடன்காரனுக்கே பதில் சொல்கிறாள் என்றார். மழை நாளில் டீச்சர் பிள்ளைகளின் காலைத் தன் துண்டால் துடைத்துவிடுவதைச் சொன்னார். "இந்தத் தங்கச்சி பேக்டரிக்குப் போயிட்டா அங்க நல்லா இருக்கும். நம்ம பிள்ளைங்க கதி?" என்று கேட்டு உட்கார்ந்தார். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது.

தலைமையாசிரியர் முறைப்படி கேட்டார். "தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

நம் ஆட்கள் கூட்டத்தில் ஒருவர் கொண்டுவந்த தீர்மானத்தைத் தோற்கடிக்க மாட்டார்கள். அது அவரை முகத்துக்கு நேரே அவமதிப்பது போல. அதிலும் இப்படிப் பேசிய மனிதரை. கைகள் எழுந்தன. எனக்கும் தலைமையாசிரியருக்கும் ஓட்டு இல்லை. மற்ற முப்பத்தாறு பேரும் தூக்கியிருந்தார்கள். தீர்மானம் கொண்டுவந்தவரே தூக்கியிருந்தார்.

நான் எழுந்தேன். "சார், ஒரு விளக்கம்."

"கணக்காய்வாளர் விவாதத்தில் கலந்துகொள்ள முடியாது."

"விவாதம் முடிஞ்சிருச்சு சார்."

"முடிந்த விவாதத்திலும் கலந்துகொள்ள முடியாது."

சம்பளம் இருநூற்று நாற்பது ஆனது. நாடாளுமன்றத்தில் எதிர்த்துக் கத்த ஒரு தரப்பு இருந்தது. எங்கள் மண்டபத்தில் எல்லோரும் ஒரே தரப்பு. கோலாலம்பூரில் பார்த்ததில் இதை மட்டும் நாங்கள் கொண்டுவரவில்லை.

மறுநாள் லோரிக்காரர் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆசிரியையின் வீட்டுக்குப் போனார். ஆசிரியை கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். செய்தி முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"அண்ணே, என்னப் பத்தி ரொம்ப நல்லா பேசுனீங்களாம்."

"ஆமா தங்கச்சி."

"பதினஞ்சு நிமிசம் பேசி பத்து வெள்ளி போயிருச்சு. இன்னும் கொஞ்சம் பாராட்டியிருந்தீங்கன்னா நான் மன்றத்துக்குக் காசு கட்டிக்கிட்டு வேலை பாத்திருப்பேன்."

லோரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கொடியில் இருந்த துணிகளைப் பார்த்தேன்.

"வர்ற திங்கக்கெழம காலையில பேக்டரி பஸ் வருது. ஏறுனா ஏறுனதுதாண்ணே. அதுக்கு மேல நான் என்னா செய்யட்டும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினார். அதில் கேலி இல்லை.

அங்கிருந்து தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனோம். அவர் அசையவில்லை. குழு நிலை முடிந்தது முடிந்ததுதான், மூன்றாம் வாசிப்பில் எதையும் கூட்ட முடியாது என்றார். அவருடைய விதிப்படி அது சரி. ஆகவே அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல வேண்டியதாயிற்று.

"சார், அங்க இப்படி ஒரு வெட்டுத் தீர்மானம் ஜெயிச்சா, பணம் குறையிறதோட நிக்காது. அரசாங்கத்து மேல அவைக்கு நம்பிக்கை போச்சுன்னு அர்த்தம். வரவு செலவுல தோத்த அரசாங்கம் விலகணும்."

"எங்கே எழுதியிருக்கிறது?"

"எழுதின விதியவிடப் பழைய வழக்கம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பதினொரு வருடம் தலைவராக இருந்தவர். நேர்மையான மனிதர் என்பதால் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "அப்படியானால் நான் விலகுகிறேன்" என்றார்.

லோரிக்காரர் பதறிப்போனார். "ஐயோ சார்! டீச்சரப் பத்தி நாலு நல்ல வார்த்த சொல்லத்தானே எந்திரிச்சேன். ஒங்க ஆட்சியக் கவுக்கவா எந்திரிச்சேன்?"

"கவிழ்த்தவர்தான் அடுத்து ஆட்சி அமைக்க வேண்டும்."

"நான் வாரத்துல மூணு நாளு ஜொகூர்ல இருக்கேன் சார். எங்கையெழுத்தப் பாத்தா பேங்க்குல போலீசக் கூப்புடுவான்."

அரை மணி நேரம் பேசி ஒரு வழி கண்டோம். மூன்றாம் வாசிப்புக்கான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் முதலில் விலகுவார். உறுப்பினர்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுப்பார்கள். புதிய அரசாங்கம் பழைய பட்ஜெட்டைத் திரும்பப் பெற்று, புதிய பட்ஜெட்டைக் கொண்டுவரும். கூட்டிக் கொடுக்கும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு. எவ்வளவு கூட்டுவது என்பதை அவர் சொல்லவில்லை. பட்ஜெட் இரகசியம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியையும் வந்தார். உறுப்பினர் அல்லாதவர் என்பதால் பின்னால் பிள்ளைகளின் குட்டை நாற்காலி ஒன்றில், முழங்கால் முகவாயைத் தொடும்படி உட்கார்ந்திருந்தார். பார்வையாளர் பேசக் கூடாது என்று தலைமையாசிரியர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆட்சி கவிழ்ந்து, திரும்ப அமைய நான்கு நிமிடம் ஆனது. பிறகு புதிய உரை. பல்வகைச் செலவு பாதியாகக் குறைந்தது. ஆண்டுச் சுற்றுலா இல்லை. பாலர் பள்ளி ஆசிரியைக்கு மாதம் முந்நூறு. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அது சுற்றுலாவைப் பற்றியது என்று நினைக்கிறேன். எதிர்த்து யாரும் எழவில்லை. லோரிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் இருவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

புதிய பட்ஜெட்டுக்குத் தூக்கிய கைகளை எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது.

பின்னாலிருந்து ஆசிரியை எழுந்தார். "சார், முந்நூறுன்னா முந்நூறுதானா? வேற யாரும் என்னப் பாராட்டப் போறாங்களா?"

பார்வையாளருக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது விதி. தலைமையாசிரியர் மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இல்லைம்மா. அவ்வளவுதான்" என்றார்.

ஆசிரியை நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். அது சம்மதமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. மன்றத்தில் யாருக்கும் தெரியவில்லை. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

திங்கட்கிழமை காலை லோரிக்காரர் என் வீட்டு வாசலில் லோரியை நிறுத்தினார். விடியும் முன்பே பஸ் நிறுத்தத்துக்கு எதிரே போய் நின்றிருக்கிறார்.

"பஸ் போயிருச்சு ஐயா. தங்கச்சி ஏறல."

அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"ஒரே பஸ்தான் ஐயா" என்றார். "உள்ள போயி காப்பி குடிங்க."