சாவி போடாத வண்டி

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் க்ளட்ச்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்காக "க்ளட்ச், க்ளட்ச்" என்று கத்தியதில் ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டில் மனைவி அப்படிக் கூப்பிடுவதில்லை. அவர் இல்லாதபோது அவளும் அப்படித்தான் சொல்கிறாள் என்று ஒரு பேச்சு உண்டு.

பெட்ரோல் விலை முதல் தடவை ஏறியபோது எல்லோரையும் போல அவரும் வாய்க்கு வந்தபடி திட்டினார். இரண்டாம் தடவை ஏறியபோது, "இனிமே பொண்ணு பாக்கப் போறவங்க பூவுக்குப் பதிலா ஒரு கேன் எடுத்துட்டுப் போகலாம்" என்று ஜோக் அடித்தார். மூன்றாம் தடவை ஒரே நாளில் எகிறியது. அப்போது திட்டவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. பங்க் வாசலில் வண்டிகள் தெருமுனை வரை நின்றன, ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. பலகையில் இருந்த புது விலையைப் பார்த்தார். மூக்கைச் சொறிந்துகொண்டார். அவ்வளவுதான்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கு மூளை நன்றாக வேலை செய்யும், அதுவும் செலவு என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "நிக்கிற வண்டியிலயே சொல்லிக் குடுத்துடலாமே க்ளட்ச்? கால் பழகிட்டா போதும். ரோடு தானா பழகிடும்" என்றார். சாவியை எடுத்துத் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். கடைசி வாரத்தில் மட்டும்தான் ரோடு என்று முடிவானது.

அன்றிலிருந்து பாடமெல்லாம் பின்பக்கத் தகர ஷெட்டில்தான். பெல்ட், கண்ணாடி, ஹேண்ட் பிரேக், க்ளட்ச், முதல் கியர். இன்ஜின் சத்தத்துக்கு அவரே பொறுப்பு. முதல் கியருக்கு அடிவயிற்றிலிருந்து "உர்ர்ர்". இரண்டாவதுக்குக் கொஞ்சம் மெல்லிசாக. க்ளட்ச்சைச் சட்டென்று விட்டால் "கடக்" என்று இருமி நின்றுவிடுவார். "சார், மைலேஜ் எவ்வளவு குடுக்கிறீங்க?" என்று ஒரு காலேஜ் பையன் கிண்டலடித்தான். முதல் சில நாள் அவரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் பாத்திரம் தேய்க்கிறவர் முகத்தோடு உர்ரென்று உறுமிக்கொண்டிருந்தார்.

அந்த ஷெட்டில் கற்றுக்கொண்டவர்களில் ஒருத்தி அவருடைய சொந்தத் தங்கை. புருஷன் வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டான். இவள் இரண்டு பையையும் மகளையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து, முன்னறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தாள். அண்ணி பொல்லாதவள் இல்லை. ஆனால் ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகிறவள் நாத்தனார் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். எத்தனை நாளைக்குத் தாண்டுவாள்?

சின்னக் குழந்தைகள் பள்ளி ஒன்றில் வேன் ஓட்ட ஒரு பெண் தேவைப்பட்டது. பள்ளி திறப்பதற்குள் லைசென்ஸ் கொண்டுவந்தால் வேலை உனக்குத்தான், பின்பக்கம் ஒரு அறையும் தருகிறேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அந்த அறையைப் பற்றித் தங்கை பெரிதாக ஆசைப்பட்டுப் பேசவில்லை. அதற்கு இரண்டு ஜன்னல் என்று மட்டும் அண்ணியிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாள்.

விலை அப்படி எகிறுவதற்கு முன்னால் அவள் ரோட்டில் ஓட்டியது இரண்டே தடவை. கடைசி வாரம் வந்தபோது முதலாளி தலையைச் சொறிந்தார். "பணம் கட்டினவங்களுக்கே ரோடு காட்ட முடியல. உங்க தங்கச்சிதானே? ஷெட்லயே பாத்துக்குங்க."

முன்பு என்றால் க்ளட்ச் எகிறிக் குதித்திருப்பார். இப்போது "சரிங்க" என்றார். அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டாள். "நாளைக்கு ரோடாண்ணா?"

"இல்லம்மா. ஷெட்தான்."

"சரிண்ணா" என்றாள் அவள்.

பரீட்சை அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்கூல் வண்டியை அவரே மைதானத்துக்கு ஓட்டி வந்தார். இன்ஜினை அணைத்து, சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். தங்கை ஏறினாள். பக்கத்தில் ஆபீசர் உட்கார்ந்தார். க்ளட்ச் வண்டியை ஒட்டி, திறந்திருந்த ஜன்னல் ஓரமாக நின்றார்.

பெல்ட் போட்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். க்ளட்ச்சை மிதித்து முதல் கியர் போட்டு, பாலாடை எடுக்கிற மாதிரி மெதுவாகக் காலை விட்டாள். இவ்வளவு அழகாகக் க்ளட்ச் விட்டவர்கள் அந்த மைதானத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். அடுத்து இரண்டாவது கியர். ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் வளைத்தாள். கண் நேராக முன்னால் இருந்தது.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் ஆபீசர்.

"ரெண்டாவது போட்டுட்டேன் சார்."

"வண்டி நின்ன எடத்துலயே நிக்குதும்மா. ஸ்டார்ட் பண்ணலயே."

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கியரை எடுக்காமல், க்ளட்ச்சை மிதிக்காமல், படக்கென்று சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே தாவு தாவி, எதிரில் நட்டிருந்த கம்பத்தில் மோதி, "கடக்" என்று நின்றது. கம்பம் சாய்ந்தது. ஆபீசரின் பேனா எங்கேயோ போய் விழுந்தது.

"ஸ்டார்ட் பண்ணாம கியர் போடணும்னு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"சத்தம் கேட்டுச்சு சார்" என்றாள். "ஓடுதுன்னு நெனச்சேன்."

ஆபீசர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீங்க வேற, அப்போலருந்து எதுக்குங்க பக்கத்துல நின்னு உறுமிட்டு இருந்தீங்க?"

அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. உதடு இன்னும் குறுகுறுத்துக்கொண்டிருந்தது. முதல் கியருக்கு அடிவயிற்றிலிருந்து, இரண்டாவதுக்கு மெல்லிசாக, எல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறார். தங்கை அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. மறு பரீட்சைக்கு ஒரு மாதம் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பள்ளி திங்கட்கிழமை திறக்கிறது.

திரும்பும்போது அவர் ஓட்டினார். தங்கை பக்கத்தில், அவர் எப்போதும் உட்காரும் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார், வார்த்தை வரவில்லை. அழுகையாவது வருமா என்று பார்த்தார், அதுவும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சிக்னலில் கை பழக்கத்தில் இன்ஜினை அணைத்தது.

"அண்ணா."

"ம்."

"அந்த ரூமுக்கு ரெண்டு ஜன்னல்ணா."

பச்சை விழுந்தது. சாவியைத் திருப்பினார். சத்தம் வந்தது. உதட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்த பிறகுதான் க்ளட்ச்சை விட்டார்.