கழுவி அடுக்கிய கேன்கள்

யுத்த காலத்தில் புத்தளத்துக்குக் கிட்ட, எத்தாளைப் பக்கம் ஓர் இடம் நடத்தினேன். பழைய இரும்பு, போத்தல், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சேர்த்து, தரம் பிரித்து, லொறியில் ஏற்றி அனுப்புகிற இடம். "குப்பைக்கும் ஐடென்டிக் காட் கேக்கிற பொம்பள" என்று வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் எனக்குப் பட்டம் வைத்தார். கோபம் வரவில்லை. என்ன அழகாகச் சொல்லிவிட்டார் என்று, வருகிறவர்களிடமெல்லாம் நானே அதைச் சொல்லித் திரிந்தேன். உண்மையும் அதுதான். அந்த நாளில் ஒரு துண்டு வயர், ஒரு பழைய பற்றரி என்றாலும், யார் கொண்டுவந்தது, எங்கிருந்து வந்தது என்று கொப்பியில் எழுதாமல் உள்ளே எடுக்கமாட்டேன்.

சட்டதிட்டம் எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. பிரதேச சபையில் தந்த கடதாசி சிங்களத்தில் இருந்தது. சிங்களம் நன்றாகக் கதைப்பேன், வாசிக்கத் தெரியாது. பஸ் பலகைகளையும் சவர்க்காரப் பெட்டிகளையும் பார்த்து எழுத்துக்கூட்டப் பழகி, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அதை வாசித்து முடித்தேன். செம்புக்காக வயரை எரிக்கக்கூடாது. தண்ணீர் தேங்காமல் தகரப் பேணிகளைக் கவிழ்த்து வைக்கவேண்டும். தோட்டங்களிலிருந்து வரும் பூச்சிமருந்துக் கேன்களை யாரும் எடுத்துப் பாவிக்காதபடி அலவாங்குக் கம்பியால் அடியில் குத்தி ஓட்டை போட்டு, கூரைக்குக் கீழே தனியாக வைக்கவேண்டும். கிணற்றுப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. முதல் மூன்றையும் வேலைக்காரருக்கு வாய் ஓயாமல் சொன்னேன். கடைசியைச் சொன்னேனா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை.

வேலை செய்தவர்கள் ஒன்பது பெண்கள். வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, பக்கத்து முகாமில் ஓலைக் கொட்டில்களில் இருந்தவர்கள். என் இடம் மூடினால் அந்த ஒன்பது அடுப்பும் எரியாது. அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்றதும் என்னைவிட அவர்களுக்குத்தான் பதற்றம்.

அவர் வருகிற நாள் காலை போய்ப் பார்க்கிறேன், இன்னும் குத்தாத மருந்துக் கேன்கள் எல்லாம் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன.

"மாத்தயா வாற நேரம் எங்கட இடம் ஊத்தையாக் கிடக்கலாமா ராத்தா? சுபஹு பாங்கோட எழும்பிக் கழுவிட்டம்" என்றாள் அவர்களில் மூத்தவள். முகமெல்லாம் பூரிப்பு.

எங்கே வைத்துக் கழுவினீர்கள் என்று கேட்டேன். கிணற்றடியில். எங்கள் மண் மணல் மண். ஊற்றிய தண்ணீர் போன இடமே தெரியவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீர் துளிகூட உவர்க்காது. நாங்களும் குடித்தோம், முகாமில் பாதிப் பேரும் குடித்தார்கள், சோதனைச் சாவடி ஆமிப் பொடியன்களும் பின்னேரங்களில் தண்ணீர்க் கேனோடு வந்து அள்ளிப் போவார்கள். கழுவிய பிறகு யாரும் அள்ளவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கயிற்றை அவிழ்த்தெடுத்து, கிணற்றைப் பலகையால் மூடினேன்.

மூத்தவள் அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "சொல்லாம விடுங்க ராத்தா. மணல் குடிச்சிட்டுது, யாருக்குத் தெரியப் போகுது."

எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. "குப்பைக்கு ஐடென்டி கேக்கிறவ தண்ணிக்குக் கேக்காம விடுறதா?" என்றேன். கொப்பியை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

பரிசோதகர் அதை இரண்டு தரம் வாசித்தார். அனுமதிப்பத்திரத்தில் கையெழுத்து வைக்கவில்லை. கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளி, அரக்கு வைத்து முத்திரை குத்தி, கடிதமும் எழுதித் தந்தார். முகாம்களில் காய்ச்சல் பரவியதால் அவருக்கு நேரமில்லை. மறுநாளே அதைப் புத்தளத்தில் பரிசோதனைக்கு ஒப்படைப்பது என் பொறுப்பு. தண்ணீர் நல்லதென்று வந்தால் அனுமதி, இல்லையென்றால் இடத்துக்குப் பூட்டு என்றார்.

மறுநாள் பஸ்ஸில் போனேன். சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கவேண்டும். தண்ணீர்ப் போத்தல் வைத்திருப்பவர்கள், உள்ளே இருப்பது தண்ணீர்தான் என்று ஒரு மிடறு குடித்துக் காட்டவேண்டும், அது அந்தக் காலத்து வழக்கம். என் பையைத் திறந்த பொடியன் போத்தலை எடுத்து, குடியுங்கள் அக்கா என்று சிங்களத்தில் சொன்னான்.

"குடிச்சா முத்திரை உடையும் தம்பி. உடைஞ்சா ஒன்பது பேருக்கு வேல இல்ல. இது குடிக்கலாமா எண்டு பார்க்கத்தான் கொண்டு போறன்" என்று அவன் மொழியிலேயே சொன்னேன்.

அவன் நம்பவில்லை. தோளில் தொங்கிய துவக்கின் குழல் சற்று நிமிர்ந்தது. எந்தக் கிணறு என்று கேட்டான்.

"நீங்க பின்னேரத்தில கேனோட வருவீங்களே, அந்தக் கிணறு."

அவன் கை தானாக வயிற்றுக்குப் போனது. முந்தின நாள் கிணறு மூடியிருந்தது அவனுக்குத் தெரியும், காரணம் தெரியாது. நீங்கள் குடித்ததெல்லாம் அதற்கு முந்திய தண்ணீர் என்று நான் சொன்னபிறகும், பரிசோதகரின் கடிதத்தை வாங்கிக் கடைசி எழுத்துவரை வாசித்தான். எல்லாரும் திரும்ப ஏறியதும் சாரதிக்குப் பின்னால் இருந்தவரை எழுப்பி, என்னையும் போத்தலையும் அங்கே இருத்தி, மெல்லமாய் ஓட்டச் சொன்னான்.

பதில் வரச் சில கிழமை ஆனது. அதுவரைக்கும் பெண்கள் பள்ளிவாசல் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. மூத்தவள் அலவாங்கை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. கேன் வாசலுக்கு வந்ததும் குத்து விழும்.

குடிக்கலாம் என்று பதில் வந்தது. பரிசோதகர் கையெழுத்து வைத்தார். கொப்பியில் நான் நடந்ததை எழுதிய பக்கத்துக்குக் கீழேயும் ஒரு கையெழுத்து வைத்தார்.

அடுத்த தரம் புத்தளம் போனபோது எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் நிறைத்துக்கொண்டு போனேன். அதே பொடியன் நின்றான். போத்தலைப் பார்த்தான். அவன் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. மூடியைத் திறந்து, வரிசையில் நின்ற எல்லாரும் பார்க்க, பாதிப் போத்தலை மடமடவென்று குடித்தேன்.

அவன் சிரித்துக்கொண்டு மிச்சத்துக்குக் கை நீட்டினான்.