பம்புல கட்டுன எர்த் ஒயர்

கைப்பம்ப அடிக்கப் போனா விரல் நுனில சுர்ருனு ஒண்ணு ஏறும். எறும்பு ஊர்ற மாதிரி... அவ்ளோதான். கைய உதறிட்டு மறுபடி புடிச்சா, மறுபடி சுர்ரு.

தொண்ணூறுகளோட கடைசி. திருவொத்தியூர்ல ஒரு காம்பவுண்டு. ஒம்போது வூடு, நடுவுல ஒரே ஒரு பம்பு.

இது யாரு வேலைன்னு காம்பவுண்டுல யாருக்கும் சந்தேகமே இல்ல. பின்னாடி இருக்கிற கெமிக்கல் கம்பெனிக்காரன்தான்!

"சாயங்காலம் நாலு மணிக்கு மேலதான் கெமிக்கல் தண்ணிய தொறந்து உடுறான். அதான் கை இப்டி அரிக்குது"ன்னு பக்கத்து வூட்டு லூர்து அக்கா அடிச்சு சொல்லும். காத்துல எப்பவும் ஏதோ ஒரு நாத்தம் இருந்துகினே இருக்கிற ஏரியா... எது கெட்டாலும் கம்பெனி மேல போட்டா பொருந்தும். நானும் தலைய ஆட்டுனேன்.

லூர்து அக்காவுக்கு அப்போ ஆறு மாசம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு, மொத புள்ள.

இப்ப என் கதை. ஹார்பர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல அப்போ கிளார்க் வேலை எனக்கு. அம்மா இட்லி மாவு அரைச்சு விக்கும். அதுக்குன்னு ஒரு செகண்ட் ஹேண்ட் கிரைண்டர் வாங்கிட்டு வந்தேன். தொட்டா லேசா ஷாக் அடிச்சுது. யார்டு எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டா, "எர்த் குடு தம்பி, சரியாப்பூடும்"னாரு.

எர்த்னா இன்னா, மண்ணுதானே? மண்ணுக்குள்ள போற பைப்பு நம்ம வாசல்லயே நிக்குதே!

கிரைண்டர் பாடிலேர்ந்து ஒரு ஒயர இழுத்து, பம்போட அடி போல்ட்டுல முறுக்கி விட்டேன். பம்பு மேடை ஈரம் கொஞ்சம் கரண்ட்ட இழுத்துகிச்சு போல, ஷாக் நின்ன மாதிரி இருந்துச்சு. "என் புள்ள கரண்ட்டு வேலையெல்லாம் பாக்குது"ன்னு அம்மாவுக்கு ஒரே பெருமை. நானும் பெரிய பிஸ்தா மாதிரி சுத்திகினு இருந்தேன்.

ரெண்டு விஷயம் எனக்கு தெரியல. தண்ணில இருக்கிற லேசான உப்பு இரும்ப தின்னுடுதுன்னு அந்த பம்புக்கு கீழ பிளாஸ்டிக் பைப்பு மாத்தி வெச்சிருந்தாங்க. நான் ஒயர கட்டுனது பூமில இல்ல, ஒம்போது வூடும் புடிக்கிற கைப்பிடில. சுர்ருனு ஏற ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான். அப்புறம், அந்த பழைய மோட்டார் உள்ளுக்குள்ள நாளுக்கு நாள் கெட்டுகினே போச்சு. அம்மா தெனம் நாலு மணிக்கு மேல காஞ்ச தரைல மரப்பலகை போட்டு உக்காந்து அரைக்கும், அதுக்கு ஒண்ணும் தெரியல. பம்புகிட்ட எல்லாரும் வெறுங்காலு, ஈரத்தரை.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் "ஐயோ"ன்னு ஒரு சத்தம். ஓடிப் பாத்தா லூர்து அக்கா குடத்தோட மல்லாந்து கிடக்குது. கண்ணு மூடியிருக்கு. மூஞ்சில தெளிக்க தண்ணி வேணும்னு பம்புல கைய வெச்சேன்... தூக்கி எறிஞ்சுச்சு.

அதே நேரம் அம்மா சத்தம் கேட்டு கிரைண்டர நிறுத்திட்டு வெளிய வந்துச்சு. பயந்து பயந்து பொறங்கையால பம்ப தொட்டேன். ஒண்ணுமே இல்ல.

புரிஞ்சுடுச்சு. அந்த நிமிஷமே புரிஞ்சுடுச்சு.

அக்காவ ஆட்டோல ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போனாங்க. வயித்துல புள்ளைக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாரு டாக்டர். அவங்க திரும்பி வர்றதுக்குள்ள நான் ஒயர அறுத்து சுருட்டிட்டேன். மோட்டார் போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லி கிரைண்டர மெக்கானிக்கிட்ட தள்ளிட்டேன். வேற யாருகிட்டயும் மூச்சு விடல.

மறுநாள் காம்பவுண்டே சேர்ந்து கம்பெனி மேல மனு எழுதுனாங்க. கையெழுத்து அழகா இருக்கும்னு என்னையே எழுத சொன்னாங்க. எழுதுனேன். ரெண்டு பக்கம்.

லூர்து அக்கா அதுக்கப்புறம் அந்த பம்ப தொடவே இல்ல. "என் புள்ளைக்கு அந்த வெஷம் வேணாம்"னு மெயின் ரோடு வரைக்கும் போய் லாரித் தண்ணி புடிச்சு, வயித்த தள்ளிகினு தூக்கினு வரும். நான் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற நேரம், எதிர்லயே வரும். சில நாள் குடத்த வாங்கி வந்திருக்கேன். சொல்லிடுடான்னு மனசு உள்ள கத்தும்... வாய் வராது. பயம். அதவிட அசிங்கமா இருந்துச்சு.

பொண்ணு நல்லபடியா பொறந்துச்சு.

இப்ப மாதவரத்துல பிளாட்டு. கரண்ட்டு லீக்கானா தானா கட் ஆவுற ஒரு பிரேக்கர் மாட்டிருக்கோம். டெஸ்ட் பட்டன அமுக்கி காட்டுனான் எலக்ட்ரீஷியன் தம்பி. டப்புனு வூடே இருட்டு. "மாசம் ஒரு தடவ அமுக்கி பாருங்கண்ணே. எர்த்துக்கு தனியா குழி போட்டிருக்கு, பைப்புலலாம் கட்டக் கூடாது"ன்னான். தெரியும்பான்னேன். எல்லாம் பத்திரமாதான் கீது. ஆனா இங்க எதிர் பிளாட்டுக்காரர் பேரு கூட எனக்கு தெரியாது. அங்க ஒருத்தர் கை உதறுனா ஒம்போது வூடும் வாசல்ல நிக்கும்.

போன மாசம் லூர்து அக்கா வந்துச்சு. பொண்ணு கல்யாணத்துக்கு பத்திரிகை வைக்க. அந்த பொண்ணுதான். காபி குடுத்துட்டு, இதுக்கு மேல முடியாதுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அக்கா திட்டல, அழல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"நீ ஒயர அறுத்த பொறவு... அந்த பம்பு தண்ணி நல்லாதான் இருந்துச்சா?"

"நல்லாதான் இருந்துச்சுக்கா."

"மூணு மாசம் ரோட்டுலேர்ந்து குடம் தூக்குனேன்டா... அந்த வயித்தோட."

காபிய பாதில வெச்சுட்டு எழுந்து போயிடுச்சு. பத்திரிகை டேபிள் மேல இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணம். போறதா வேணாமான்னு இன்னும் தெரியல.