அறுபத்தைந்து மார்க் காசு

விளக்கைத் தாழ இறக்கி, வெள்ளிக்காசை விளிம்பில் பிடித்து, மெல்லச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் லென்ஸ் அக்கா. சாய்க்கும்போது அதன் முகத்தில் ஒளி சக்கரமாகச் சுழல வேண்டும். சுழன்றால், காசு புழங்கித் தேயாமல் தப்பியிருக்கிறது என்று பொருள். "சுத்துது பாருங்க, பம்பரமாட்டம்!" என்று என்னிடம் நீட்டுகிறார். நான் கையை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். "கண்ணால மட்டும்."

பழைய காசு விற்கும் இந்த மாடிக்கடையில் லென்ஸும் கையுமாக இருபத்திரண்டு வருட வேலை; பெயரும் அப்படி வந்ததுதான். வாங்குவதும் விற்பதும் முதலாளி; மார்க் போடுவது அக்கா. முகமே தெரியாமல் தேய்ந்த காசுக்கு ஒரு மார்க், அச்சிலிருந்து இப்போதுதான் விழுந்தது போலிருப்பதற்கு எழுபது. தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பினால் மார்க்கை அச்சிட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். அனுப்பும் முன் அக்கா தன் கணிப்பைத் துண்டுச் சீட்டில் எழுதி வைப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்று முழுக்க யாருக்கும் முகம் கொடுக்க மாட்டார்.

காய்கறிக் கடையிலும் கத்தரிக்காயைக் காம்பைப் பிடித்துத்தான் திருப்புவார். அவர் தலையைக் கண்டாலே கடைக்காரர், "நானே பொறுக்கித் தர்றேன்க்கா" என்று முந்திக்கொள்வாராம்.

அறுபத்து மூன்றுக்கும் அறுபத்தைந்துக்கும் என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. விலையிலோ எட்டு மடங்கு. இது என்ன நியாயம் என்றேன். "அறுபத்தி மூணு ஊர்ப்பட்டது கிடக்கு. அறுபத்தஞ்சு தேடுனாலும் ஆப்புடாது. ரெண்டு மார்க்குல தலையெழுத்து மாறுறது பரீட்சையில மட்டும்தானா?"

போன வருடம் அக்காவுடைய தம்பியின் சொந்தப் பள்ளி வேனில் இன்ஜின் போய்விட்டது. அதைச் சரிசெய்ய அவனிடம் விற்பதற்கு இருந்தது, அப்பா விட்டுப்போன ஒரே ஒரு வெள்ளிக்காசு. அறுபத்தைந்து தேறும் என்று அக்காவுக்கு எப்போதோ தெரியும். அக்கா சொன்னால் போதும், பெட்டியும் வேண்டாம் சான்றும் வேண்டாம் என்கிற ஒரு வாடிக்கையாளரை வரவழைத்து அடுத்த அறையில் உட்கார வைத்திருந்தார்.

தம்பி கைக்குட்டையைப் பிரித்தான். "பாருக்கா, கண்ணாடி மாதிரி! பல்பொடி போட்டுத் தேச்சேன்."

அக்கா சாய்த்துப் பார்த்தார். ஒளி சுழலவில்லை. ஒரே திக்கில் முடி முடியாகக் கீறல்கள். அப்படிப்பட்ட காசுக்கு எந்த மார்க்கும் கிடையாது; 'துலக்கப்பட்டது' என்று ஒற்றைச் சொல்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா?"

"அழுக்கோட எப்படிக்கா விக்கிறது?" என்றவன், அக்காவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "அறுபத்தஞ்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். அவரு என்ன லென்ஸ் வச்சா பாக்கப்போறாரு?"

அக்கா எழுந்து அடுத்த அறைக்குப் போனார். "துலக்கின காசுங்க. வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேல தரலாம், அவ்வளவுதான்."

"நீயெல்லாம் கூடப் பொறந்தவளா?" தம்பி வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் படியிறங்கினான். அன்று மாலை அக்கா தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டான். வேன் கைவிட்டுப் போயிற்று. இப்போது வேறொருவர் வேனில் சம்பளத்துக்கு ஓட்டுகிறான். பேச்சுவார்த்தை இல்லை.

இதையெல்லாம் என்னிடம் சொல்லி முடிக்கும்போது தகர டப்பாவுடன் ஓர் ஆள் மேலே வந்தார்.

"நானும் வேன் ஓட்டுறவன்தான். பழைய காசு கொஞ்சம் இருக்கு, உங்க தம்பி அனுப்புனாரு. 'தேய்க்காத, துடைக்காத, அப்படியே கொண்டு போ. எங்கக்கா கூடப் பொறந்தவனுக்காகவே பொய் சொல்லல, உங்கிட்டயா சொல்லப்போகுது'ன்னாரு."

"அவன் எங்க?"

"கீழ வண்டியில. மேல வரமாட்டேங்கிறாரு."

"நான் கூப்பிட்டேன்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

அவர் இறங்கிப் போனார். அக்கா டப்பாவைத் தொடவில்லை. எதிர் நாற்காலியில் அடுக்கிக் கிடந்த விலைப்பட்டியல் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார்.